இருபத்திரண்டாம் கல்லும் இருபத்தொன்றாம் கல்லும்

1

நான் சிங்கப்பூர் வந்து எட்டு வருஷம் ஆகிறது. ஊரிலிருந்து வந்த தொலைபேசி அழைப்புகளில் பாதி எனக்குக் கோபத்தைத்தான் கொடுத்திருக்கின்றன. மீதிப் பாதியை நான் எடுக்கவில்லை. 2007 ஜூன் மாதம் இரண்டாவது ஞாயிறு மதியம் வந்ததை எடுத்தேன், அக்கா என்பதால்.

"தம்பி, ஒன் ஓட்ட நோட்டு பரண்ல கெடந்துச்சுடா," என்றாள். "நம்ம மலரு அதப் பாத்துத்தான் எட்டு மாசமா ஓடுறா. நீ எழுதி வச்சிருக்கற மாதிரியே. அதே ரோடு, அதே கல்லு."

மலர் அக்காவின் மகள். பதினாறு வயது. ஆகஸ்டில் திருச்சியில் விளையாட்டு விடுதிக்கு ஆள் எடுக்கிறார்கள். அவள் ஓடப்போவது மூவாயிரம் மீட்டர். எடுத்துக்கொண்டால் படிப்பு, சாப்பாடு, பயிற்சி எல்லாம் அங்கேயே. அடுத்த வருஷம் வயது கடந்துவிடும், ஆகவே இது ஒன்றுதான். இதில் எடுபடாவிட்டால் ப்ளஸ் டூவோடு படிப்பை நிறுத்திவிடுவதாக அவள் அப்பா சொல்லியிருக்கிறார்.

"பதினொண்ணு இருவதுல வந்துட்டாளாம். போன வருஷம் எடுத்த பொண்ணுங்களே அவ்ளோ வேகம் இல்லியாம். ஒங்க மாமா கடைக்கு வர்றவங்ககிட்டயெல்லாம் சொல்லிக்கிட்டே இருக்காரு."

நோட்டில் சொல்லும் 22ஆம் கல்லுக்கும் 21ஆம் கல்லுக்கும் நடுவில் ஒரு கிலோமீட்டர் இல்லை. நூற்று முப்பது மீட்டர் குறைவு. அது எனக்கு நாலு வருஷமாகத் தெரியும். என் நோட்டில் இருக்கும் ஒவ்வொரு நேரமும் பொய். அதைப் பார்த்து ஓடும் பெண்ணின் நேரமும் பொய். இதைச் சொல்ல ஒரு வாக்கியம் போதும்.

"நல்லது அக்கா," என்று சொல்லி வைத்துவிட்டேன். பிறகு பதினோரு நாள் இதைப் பற்றி யாரிடமும் பேசவில்லை. அந்தப் பதினோரு நாளுக்குக் காரணம் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். படிப்பவர்களுக்கு என் மேல் நல்ல எண்ணம் வராது. எனக்கும் எங்கள் ஊர் மேல் பெரிதாக நல்ல எண்ணம் இல்லை.

2

1995இல் பெரம்பலூர் தனி மாவட்டமானது. அந்த ஜோரில் அரியலூர் போகும் சாலைக்குப் புதிதாகத் தார் போட்டார்கள். கிலோமீட்டர் கற்களைப் பிடுங்கி மறுபடி நட்டு, தலையில் பச்சை பூசினார்கள். எங்கள் ஊர் 'அரியலூர் 22' என்று எழுதிய கல்லுக்கு எதிரில். எனக்கு இருபத்தொரு வயது. ஐ.டி.ஐ. முடித்துவிட்டு வேலை இல்லாமல் இருந்தேன். ஓட்டக்காரர்களுக்கு ஒரு துறையில் தனி ஒதுக்கீடு இருப்பதாகச் செய்தித்தாளில் பார்த்தேன். ஓட ஆரம்பித்தேன்.

கல்லுக்குப் பக்கத்தில் ஒரு டீக்கடை. அங்கே உட்கார்ந்திருப்பவர்களுக்கு என்னைவிட நல்ல வேடிக்கை அந்த வருஷம் கிடைக்கவில்லை.

"யாருடா தொரத்துறா?"

"பஸ்ஸத் தவற விட்டுட்டான் போலருக்கு. அடுத்தது ஏழேகாலுக்குத்தான்டா, நில்லு."

எப்படி ஓடினால் ஓட்டம் வளரும் என்று சொல்ல ஊரில் ஒருவரும் இல்லை. பெரம்பலூர் நூலகத்தில் ஒரு பழைய ஆங்கிலப் புத்தகம் கிடைத்தது. அகராதியை வைத்துக்கொண்டு இரண்டு மாதம் படித்தேன். தினமும் உயிரைக் கொடுத்து ஓடுபவனுக்குக் கால்தான் தேயும் என்பது அதன் சாரம். அதன்படி வாரத்தைப் பிரித்துக்கொண்டேன். திங்கள் நெடுந்தூரம், பேசிக்கொண்டே ஓடும் அளவுக்கு மெதுவாக. செவ்வாய் ஒரு கிலோமீட்டரை வேகமாக ஐந்து முறை, நடுவில் இளைப்பாறல். புதன் ஓய்வு. வியாழன் ஏரிக்கரைச் சரிவில் ஏறி இறங்குவது. வெள்ளி மணல் மூட்டையைத் தூக்கிக் குந்தி எழுவது. சனி மறுபடி மெது ஓட்டம். ஞாயிறு மூவாயிரம் மீட்டர், நேரம் பார்த்து.

டீக்கடைக்கு மிகவும் பிடித்தது புதன்கிழமைதான். "இன்னிக்கு ஏன் ஓடல? தொரத்துறவன் லீவா?"

இந்தத் திட்டம் முழுக்க ஒரே ஒரு கணக்கில் நிற்கிறது. ஒரு கிலோமீட்டரை நீ எத்தனை நிமிஷத்தில் ஓடுகிறாய் என்பதுதான் அது. மெது ஓட்டத்தின் வேகத்தை அதிலிருந்துதான் கணக்கிட வேண்டும், இளைப்பாறலின் நீளத்தையும் அதிலிருந்துதான். எனக்கு முன்னால் இரண்டு கிலோமீட்டர்கள் இருந்தன. 23ஆம் கல்லிலிருந்து 22 வரை ஒன்று. அதில் ஓடினால் டீக்கடை முன்னால் வந்து முடிக்க வேண்டும். 22இலிருந்து 21 வரை இன்னொன்று. அங்கே யாரும் கிடையாது, அரியலூர்ப் பக்கமிருந்து சிமெண்டு ஏற்றி வரும் லாரிகள் மட்டும்தான். டீக்கடை முகங்களைப் பார்க்கப் பிடிக்காமல் நான் 21இன் பக்கம் போனேன்.

செல்வராசு மாமா, அக்காவின் கணவர், 22ஆம் கல்லிலேயே சைக்கிள் கடை வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் கடை திறக்கும் முன் சைக்கிளில் என் பக்கத்திலேயே வந்து நேரம் பார்ப்பார். கைக்கடிகாரம் லப்பைக்குடிக்காட்டில் துபாயிலிருந்து வந்த ஒருவரிடம் வாங்கியது. அதில் நேரத்தை ஓடவிட்டு நிறுத்தும் பொத்தான் உண்டு. ஊரில் என்னைப் பார்த்துச் சிரிக்காத ஆள் அவர் ஒருவர்தான்.

1996 தையில் ஒரு நாள் அவர் சொன்னார். "மாப்ள, 23லேர்ந்து வந்தா மிதிச்சு மாளல. 21 சட்டுனு வந்துடுது. கல்லக் கிட்டத்துல நட்டுருக்கானுவளோ?"

"அந்தப் பக்கம் ஏத்தம் மாமா."

"ஏத்தமா? சைக்கிள் மிதிக்கறவனுக்குத் தெரியாத ஏத்தமா?"

"கவர்ன்மெண்டு கல்லு. சும்மா வாங்க."

அந்த உரையாடலை நோட்டில் குறித்து வைத்திருக்கிறேன், தேதியோடு. நான் எல்லாவற்றையும் குறித்து வைப்பவன். அந்தக் கல்லை அளந்து பார்க்க மட்டும் தோன்றவில்லை.

3

1997 ஆகஸ்டில் அந்த வேலைக்கான தேர்வுக்கு நானும் மாமாவும் திருச்சி போனோம். அந்த மாதம் என் நோட்டில் இருந்த நேரம் ஒன்பது நிமிஷம் முப்பத்தைந்து வினாடி. முந்தைய ஆண்டு வேலை கிடைத்தவர் அதைவிட மெதுவாக ஓடியவர். நான் வேட்டியும் சட்டையும் எடுத்துப் போயிருந்தேன், புகைப்படம் எடுப்பார்கள் என்று.

வாழ்க்கையில் முதல்முறையாக நானூறு மீட்டர் வட்டத்தில் ஓடினேன். மூவாயிரம் மீட்டர் என்றால் ஏழரைச் சுற்று. முடித்தபோது பதினொரு நிமிஷம் நாலு வினாடி. எனக்கு முன்னால் எட்டுப் பேர்.

எனக்கு ஒரே ஒரு விளக்கம்தான் தோன்றியது. ஒரு சுற்று கூடுதலாக ஓடவிட்டிருக்கிறார்கள். கணக்கும் சரியாக வந்தது. எட்டரைச் சுற்று என்று வைத்தால் என் வேகம் ஏறக்குறைய நோட்டில் இருந்த வேகமேதான். பார்வையாளர் மாடத்திலிருந்து இறங்கி வந்த மாமாவிடம் ஓடினேன்.

"ஒரு ரவுண்டு கூட ஓட வுட்டானுவ மாமா. வாங்க, போயி கேப்போம்."

"இல்ல மாப்ள. ஏழரைதான்."

"எண்ணினீங்களா?"

"வெரல மடக்கி எண்ணுனேன்."

"அப்ப நான் பொய் சொல்றனா?"

"நீ பொய் சொல்றேன்னு சொல்லல. ஏழரைதான் ஓடுனீங்கங்கறேன்."

திருச்சி பஸ் ஸ்டாண்டில், ஊர் பஸ்ஸுக்காக நின்றிருந்தவர்கள் எல்லாரும் கேட்க, அவரிடம் நான் கேட்டது இது: "எவன்கிட்ட எவ்ளோ வாங்குனீங்க?"

அவர் பையை என் காலடியில் வைத்துவிட்டு அடுத்த பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார். அதன் பிறகு பத்து வருஷம் நாங்கள் பேசவில்லை.

ஊருக்கு வந்து எல்லாரிடமும் சொன்னேன். டீக்கடையில் இருந்தவர்கள், என் ஓட்டத்தில் ஒரு நாளும் நம்பிக்கை வைக்காதவர்கள், இதை உடனே நம்பினார்கள். "நம்ம ஆளுன்னா எவன் மதிக்கறான்," என்றார்கள். டீ வாங்கிக் கொடுத்தார்கள். பொண்டாட்டியின் தம்பிக்குச் சாட்சி சொல்லாத மாமாவுக்கு ஒரு பெயரும் வைத்தார்கள். ஏழரை. கடை ஏழரை கடை ஆயிற்று. பஞ்சர் ஒட்ட வரும் பள்ளிப் பிள்ளைகள்கூட அப்படித்தான் சொன்னார்கள். நான் அதைத் தடுக்கவில்லை. சில நாள் நானும் சொல்லியிருக்கிறேன்.

4

1999இல் இங்கே வந்தேன். கப்பல் பட்டறை வேலை. வந்ததிலிருந்து எத்தனையோ படிவங்கள் நிரப்பியிருக்கிறேன். நிரந்தர வாசத்துக்கான படிவத்தில் பிறந்த மாவட்டம் திருச்சிராப்பள்ளி, வசித்த மாவட்டம் பெரம்பலூர் என்று எழுதினேன். எப்போது குடிமாறினாய் என்று அலுவலர் கேட்டார். மாறவில்லை, அதே வீடுதான், மாவட்டம்தான் மாறியது என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். இடம் அசையாமல் இருக்க அதன் பெயரும் கணக்கும் மட்டும் மாறுவதை அவருக்குப் புரியவைக்க எனக்கு ஆங்கிலம் போதவில்லை. பொறுமையும் போதவில்லை.

இன்னொரு படிவமும் உண்டு. 2000இல் பட்டறை ஓட்டக் குழுவுக்குப் பெயர் கொடுத்தபோது 'உங்கள் சிறந்த நேரம்' என்று ஒரு கட்டம் இருந்தது. 9:35 என்று எழுதினேன். என் மேலாளர், ஒரு சீனர், கைகுலுக்கினார். அடுத்த சனிக்கிழமை விளையாட்டரங்கில் ஓடினேன். ஏழரைச் சுற்று, நானே எண்ணினேன். பதினொன்று பத்து.

"காலில் அடியா?" என்று மேலாளர் கேட்டார். ஆமாம் என்று தலையாட்டினேன். அதற்குப் பொருத்தமாக ஒரு வாரம் பட்டறையில் நொண்டினேன். இடது கால் என்று சொல்லியிருந்தேன். மூன்றாம் நாள் மறந்துபோய் வலது காலை நொண்டினேன்.

தட்பவெப்பம், சாப்பாடு, வேலைக் களைப்பு என்று மூன்று வருஷம் சமாதானம் சொல்லிக்கொண்டேன். திரும்பத் திரும்ப ஓடினேன். ஒவ்வொரு முறையும் திருச்சி நேரத்துக்குச் சில வினாடி இந்தப் பக்கம் அல்லது அந்தப் பக்கம்.

என் மகனுக்கு இப்போது ஆறு வயது. ஞாயிறுகளில் அவனை உட்காரவைத்துச் சுற்று எண்ணச் சொல்வேன். ஆங்கிலத்தில்தான் எண்ணுவான். தமிழில் பத்துக்கு மேல் அவனுக்குப் போகாது, அதைப் பற்றி வீட்டில் நாங்கள் சண்டை போட்டு ஓய்ந்துவிட்டோம். ஆனால் சரியாக எண்ணுவான். அவனுக்கு நான் ஜெயிப்பதும் தோற்பதும் ஒன்றுதான். 'செவன் அண்ட் ஹாஃப்' என்று சொல்லிவிட்டு ஐஸ்கிரீம் கேட்பான்.

5

2003 மே மாதம் விடுமுறையில் போனபோது ஒரு வேலை செய்தேன். மாமா கடையில் எடுக்க முடியாது என்பதால் பெரம்பலூரில் வாடகைக்கு ஒரு சைக்கிள் எடுத்தேன். சக்கரத்தின் சுற்றளவை நூலால் அளந்தேன். இரண்டு மீட்டர் இருபது சென்டிமீட்டர். டயரில் வெள்ளைப் பெயிண்டால் ஒரு கோடு. 23ஆம் கல்லிலிருந்து தள்ளிக்கொண்டே நடந்தேன். 22 வரை 454 சுற்று. அது கிலோமீட்டர்தான். 22இலிருந்து 21 வரை 396. எண்ணூற்று எழுபத்தொரு மீட்டர். சந்தேகத்துக்கு 20 வரை போனேன். 513. இங்கே குறைந்தது அங்கே கூடியிருந்தது.

புளியமரத்தடியில் ஒரு சாலைப் பணியாளர் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். என்ன அளக்கறீங்க என்றார். சொன்னேன்.

"அதுவா. அந்தக் கல்லு நட்டப்ப நானும் இருந்தன். நட வேண்டிய எடத்துல அடியில பாறை. கடப்பாரை எறங்கல. இந்தப் பக்கமா தள்ளி மண்ணு கெடைக்கற எடத்துல நட்டுட்டோம்."

"அளவு தப்பாயிடுமே?"

"யாருக்குங்க தப்பு? இங்க ரயிலா போவுது? எல்லாம் பஸ்ஸு. பஸ்ஸுல போறவனுக்குக் கல்லு எங்க இருந்தா என்ன? கண்டக்டரு கல்லப் பாத்தா டிக்கட்டு கிழிக்கறான்?"

அவர் மேல் எனக்கு ஆத்திரம் வந்தது. ஆனால் அவர் சொன்னதில் பிழை இல்லை. அந்தக் கல்லை நம்பி இந்தச் சாலையில் போனவன் நான் ஒருவன்தான்.

மூவாயிரம் மீட்டருக்கு அந்தத் தூரத்தை மூன்று முறை ஓடினால் குறை ஏறக்குறைய நானூறு மீட்டர். சரியாக ஒரு சுற்று. திருச்சியில் யாரும் எனக்கு ஒரு சுற்றைக் கூட்டவில்லை. ஊரில் நான்தான் ஒரு சுற்றைக் குறைத்து ஓடியிருக்கிறேன், இரண்டு வருஷம், நூறு ஞாயிற்றுக்கிழமை.

சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வரும்போது மாமாவின் கடை முன்னால் வந்தேன். அவர் குனிந்து செயின் மாட்டிக்கொண்டிருந்தார். டீக்கடையில் ஒருவர் என்னைப் பார்த்து எழுந்து, "வாங்க சிங்கப்பூரு. அன்னிக்கு அந்த ஒரு ரவுண்டு மட்டும் இல்லன்னா இன்னிக்கு எங்கயோ இருப்பீங்க," என்றார். மாமா நிமிரவில்லை. "ஆமாங்க" என்று சொன்னேன். டீ குடித்தேன்.

6

ஆகவே அக்காவின் தொலைபேசி அழைப்புக்குப் பிறகான பதினோரு நாளில் நான் யோசித்தது மலரைப் பற்றி என்று சொல்ல மாட்டேன். அந்த ஊரில் எனக்கென்று இருந்தது ஒரே ஒரு கதை. என்னை ஏமாற்றினார்கள் என்பது. அதை விட்டால் ஒன்பதாவதாக வந்த ஒருவன்தான் மிச்சம்.

பன்னிரண்டாம் நாள் வேலை முடிந்து வந்ததும் மாமாவின் கைபேசிக்கு அழைத்தேன்.

"யாரு?"

"நான்தான்."

"ஒங்கக்கா வூட்டுல இருக்கா. அந்த நம்பருக்குப் போடு."

"ஒங்ககிட்டதான் பேசணும். கல்லு தப்பு. 22க்கும் 21க்கும் கிலோமீட்டர் இல்ல. நூத்து முப்பது மீட்டர் கம்மி."

காற்றடிக்கும் பம்பின் சத்தம் நின்றது. "யாரு சொன்னா?"

"நானே அளந்தேன்."

"எப்ப?"

"லீவுல வந்தப்ப."

"எந்த லீவுல?"

"2003ல."

நானே சொன்னேன். "திருச்சியில ஏழரைதான் மாமா."

"அத வுடுறா," என்றார். "அத நான் தின்னு செமிச்சுட்டேன். நாலு வருசமாத் தெரியும் ஒனக்கு. இவ எட்டு மாசமா ஓடுறா. கால் வெரல்ல நகம் பேந்து, துணி சுத்திக்கிட்டு ஓடுறா. ஒங்கக்கா பதினோரு நாளுக்கு முந்தி சொன்னா ஒங்கிட்ட. அப்பக்கூட ஒனக்கு வாய் வரல?"

வேண்டுமானால் டீக்கடையில் எல்லாரிடமும் சொல்லுங்கள் என்றேன்.

"நான் ஏன் சொல்லணும்? ஊரக் கூட்டிக் கேட்டவன் நீ. நீ வந்து சொல்லு." பிறகு, "இந்தா, அவளே வந்துட்டா. அவகிட்டயே சொல்லு," என்று கைபேசியைக் கொடுத்துவிட்டார்.

மலர் பள்ளிக்கூடத்திலிருந்து வந்திருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்ப என் டைம் என்ன மாமா?"

"பதிமூணு நிமிஷம்."

"செலக்சனுக்கு?"

"பன்னெண்டரைக்குள்ள வந்தாப் பாக்கலாம்."

"ஏழு வாரம் இருக்கு," என்றாள். பிறகு, "நோட்டுல எது சரி?"

"நாளெல்லாம் சரி. மெதுவா ஓடுற நாளு, ஏரிக்கரை ஏறுற நாளு, சும்மா இருக்கற நாளு. நேரம் ஒண்ணுகூடச் சரியில்ல. எல்லாத்தையும் அடிச்சுடு."

"பேனாவால அடிக்கவா?"

"பேனாவாலயே அடி."

வைத்துவிட்டாள்.

7

அதன் பிறகு அவள் 23க்கும் 22க்கும் நடுவில் ஓடினாள் என்று அக்கா சொன்னாள். ஒவ்வொரு ஓட்டமும் டீக்கடை முன்னால்தான் முடியும். அவர்கள் சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டே நின்று மூச்சு வாங்குவாளாம். மாமா சைக்கிளில் கூடவே போனாராம். என்னிடம் பிறகு அவர்கள் இருவரும் எதுவும் கேட்கவில்லை.

ஆகஸ்டில் திருச்சியில் பன்னிரண்டு நிமிஷம் நாற்பத்தொரு வினாடியில் வந்தாள். ஏழு வாரத்தில் பத்தொன்பது வினாடி குறைந்திருக்கிறது. நாலு பேரை எடுத்தார்கள். இவள் ஆறாவது.

சரியான கல்லில் எட்டு மாதமும் ஓடியிருந்தால் எத்தனையாவதாக வந்திருப்பாள் என்று நான் கணக்குப் போட்டேன். அதை இங்கே எழுத மாட்டேன்.

அன்று சாயங்காலம் அப்பாவும் மகளும் பஸ்ஸிலிருந்து 22ஆம் கல்லில் இறங்கியபோது டீக்கடையில் கூட்டம் இருந்ததாம். அக்கா அங்கே காத்திருந்தாள். அவள் சொன்னபடியே எழுதுகிறேன்.

"என்னாச்சு பாப்பா?" என்று ஒருவர் கேட்டார். "ஒனக்கு எத்தன ரவுண்டு ஓட வுட்டானுவ?"

"ஏழரைதான்," என்று மலர் சொன்னாள். "நான் எண்ணிக்கிட்டேதான் ஓடுனேன். எனக்கு முன்னாடி அஞ்சு பேரு போயிட்டாளுவ."

"ஒங்க மாமனுக்குப் பண்ணுன மாதிரி எதாச்சும்..."

"மாமாவுக்கும் ஏழரைதான். அவரே சொன்னாரு." பையை மாற்றிப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு நடந்துவிட்டாளாம்.

"மாமா என்ன சொன்னாரு?" என்று அக்காவிடம் கேட்டேன்.

"கடையத் தொறந்தாரு. ஒரு பஞ்சரு கெடந்துச்சு, அத ஒட்டுனாரு. சாப்புடறப்ப சொன்னாரு, ப்ளஸ் டூ முடிக்கட்டும், அரியலூர் காலேஜுல சேக்கறேன், அங்க கிரவுண்டு இருக்குன்னு."

"டீக்கடையில இருந்தவங்க? என்னப் பத்தி என்ன சொன்னாங்க?"

அக்கா யோசித்துப் பார்த்துத்தான் பதில் சொன்னாள். "ஒன்னப் பத்தி யாரும் கேக்கல தம்பி."